மலைப்பாதையை நம்பிய ஊர்கள்

2020 மார்ச் 25 அன்று தொடங்கிய கொரோனா ஊரடங்கு, சேர்வராயன் மலையின் பழைய நிலையொன்றை அப்பட்டமாக்கியது: அன்றாடத் தேவைக்கு இம்மலை சேலத்தையே நம்பியிருக்கிறது. இந்தச் சார்பு காப்பியோடு வலுத்தது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதன்பின் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் குடியேறினார்கள். மூட்டை மூட்டையாகக் காப்பிக்கொட்டை கீழிறங்க, அவர்களின் பங்களாக்களுக்கு வேண்டிய சாமான்கள் மேலேறின.

இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் ராகியும் தாங்களே விளைவித்துக்கொண்டார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் உப்பும் மருந்தும் எந்தக் கொல்லையிலும் விளைவதில்லை. 2020 செப்டம்பரில் தமிழகத்துக்குள் இ-பாஸ் என்னும் பயண அனுமதி நீக்கப்பட்ட பிறகும் இம்மலையிலுள்ள ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது தேவைப்பட்டது. நோயைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு நியாயமே. அதே அக்கறையோடு, நாகலூர் போன்ற மலைக்கிராமங்களுக்கான மளிகையையும் மருந்தையும் அரசு மலைமேலேயே இருப்பு வைக்க வேண்டும்.