நட்சத்திரம் மினுக்குவது ஏன்? தொலைநோக்கிக்கு மேலுள்ள காற்றை அளக்கும் முறைகள்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையையொட்டி அமைந்துள்ள பொழியூர் கடற்கரையிலிருந்து தை, மாசி மாத இரவுகளில் தெற்கே நோக்கினால் அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸ் தென்படும். அங்கு அது அடிவானிலிருந்து சுமார் 29 டிகிரிக்கு மேல் உயர்வதில்லை. தலைக்கு நேர் மேலே உள்ள நட்சத்திரத்துடன் ஒப்பிட்டால், அதன் ஒளி ஏறக்குறைய இரு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதனாலேயே அது மிகுதியாக மினுக்குகிறது. கண்ணுக்கு இனிதான இந்த மினுக்கம் வானியலாளர்களுக்குப் பெரும் இடையூறாகும்.

வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கொந்தளிக்கும்போது ஒளி பல திசைகளில் சிறிதளவு வளைகிறது. ஒரு டிகிரியின் 3,600-இல் ஒரு பங்கு, ஒரு வில்விநாடி எனப்படும். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 1986-ஆம் ஆண்டு முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, கோட்பாட்டின்படி சுமார் 0.05 வில்விநாடி நுணுக்கத்தைப் பிரித்தறிய வல்லது. ஆனால் அங்குள்ள காற்று, பிம்பத்தை ஒரு வில்விநாடிக்கும் மேலாகப் பரப்பிவிடுகிறது. ஒரு வில்விநாடி பரப்பும் காற்றின் கீழ், எவ்வளவு பெரிய ஆடியும் ஒளியைக் கூடுதலாகத் திரட்டுமே அன்றி, தெளிவில் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியை விஞ்சாது. பெரும் பொருட்செலவில் ஆடி அமைப்பதற்கு முன் ஆண்டுக்கணக்கில் காற்றை அளப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த அளவீட்டில் பரவலாகப் பயன்படுவது 'டிம்' என்னும் எளிய கருவி. சுமார் 30 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் வாயை மூடி, அதில் இரண்டு துளைகள் இடப்படுகின்றன. ஒரு துளையில் பொருத்தப்படும் பட்டகம் ஒளியைச் சற்றே திருப்புவதால், ஒரே நட்சத்திரம் கேமராவில் இரண்டு புள்ளிகளாகப் பதிவாகிறது. பலத்த காற்றில் கருவி அதிர்ந்தால் இரு புள்ளிகளும் ஒன்றாகவே அசையும். ஆகவே அந்த அதிர்வு கணக்கில் சேராது. இரண்டுக்கும் இடையிலான தொலைவு மாறினால் அதற்குக் காரணம் வளிமண்டலம் மட்டுமே. சில மில்லி விநாடிகளில் எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து கொந்தளிப்பின் மொத்த அளவு கணக்கிடப்படுகிறது. கருவியின் குறையைக் கருவியே நீக்கிக்கொள்ளும் இந்த உத்தி இத்துறையின் நேர்த்தியான உத்திகளுள் ஒன்று.

எனினும், கொந்தளிப்பு எந்த உயரத்தில் உள்ளது என்பதை 'டிம்' கூறாது. 'ஸ்கைடார்' முறையில் இரட்டை நட்சத்திரங்கள் நோக்கப்படுகின்றன. ஒரே காற்றடுக்கைக் கடக்கும் இரு ஒளிக்கற்றைகள் தரையில் இரண்டு நிழற்கோலங்களை விழச் செய்கின்றன. கோலங்களுக்கு இடையிலான தொலைவு அடுக்கின் உயரத்தையும், கோலங்கள் நகரும் வேகம் அங்குள்ள காற்றின் வேகத்தையும் காட்டுகின்றன. நுண் வெப்பமானிகளைச் சுமந்த பலூன்களும் ரேடார்களும் இப்பணிக்கு உதவுகின்றன.

காற்றின் வேகத்தையும் அறிய வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. நவீனத் தொலைநோக்கிகள் வளையும் ஆடியைக் கொண்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை பிம்பத்தைத் திருத்துகின்றன. சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்று வேகமாக வீசினால் திருத்தம் பின்தங்கிவிடும். குளிர்காலத்தில் இமயமலைப் பகுதிக்கு மேலே மேற்கத்திய ஜெட் காற்று பலமாக வீசுகிறது. தென்னிந்தியாவுக்கு மேலே கோடையில் வீசும் கிழக்கத்திய ஜெட் காற்றை இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து விளக்கினார். ஆனால் அக்காலம் பருவமழைக் காலமாதலால், மேகங்களே நோக்குதலைப் பெரிதும் தடுத்துவிடுகின்றன.

நல்ல இடத்துக்கான தேடல் புதிதன்று. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட், 1915-இல் காஷ்மீரில் தற்காலிக நிலையம் அமைத்துச் சூரிய பிம்பத்தின் தெளிவைச் சோதித்தார். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்திய தேடலின் முடிவில் தேர்வான இடம் லடாக்கின் ஹான்லே. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவான மழையும் பனியும் பெறும் அங்கு, 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு முதல் ஒளியைப் பதிவு செய்தது. பெங்களூரு அருகேயுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் அது இயக்கப்படுகிறது.

இந்தியா பங்கேற்கும் 30 மீட்டர் தொலைநோக்கித் திட்டத்துக்கு ஹவாயில் எதிர்ப்பு எழுந்தபோது பரிசீலிக்கப்பட்ட மாற்று இடங்களுள் ஹான்லேயும் ஒன்று. எனினும், 2016 அக்டோபரில் ஸ்பெயினின் லா பால்மா தீவே மாற்று இடமாக அறிவிக்கப்பட்டது.