அம்பிட்டியக் குருமடமும் சபரகமுவத் தோட்டங்களும்

கிறிஸ்தவ மறைபரப்புப் பணிக்காக வெளிநாடு சென்று, அங்கேயே தங்கிப் படிப்பது என்றவுடன் நம்மவர் நினைவுக்கு ரோமாபுரியும் இலண்டனும் அமெரிக்காவுமே வருகின்றன. ஆனால் 1893 முதல் 1955 வரை, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து குருத்துவக் கல்விக்குப் புறப்பட்ட இளைஞர் பலருக்கு வெளிநாடு என்பது இலங்கை. பள்ளி என்பது கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் இருந்த பாப்பரசர் குருமடம். அவ்விளைஞருள் தமிழரும் இருந்தனர். அங்கு அவர்களுக்குக் காத்திருந்தது என்ன என்பதைச் சொல்வது இக்கட்டுரையின் ஒரு பாதி. அதே மலைநாட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும், சபரகமுவத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு அக்கல்வியால் என்ன கிடைத்தது என்று கேட்பது மறு பாதி.

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893ஆம் ஆண்டு விடுத்த சுற்றுமடலில், இந்தியாவில் நற்செய்திப் பணி நிலைபெற வேண்டுமாயின் அந்நாட்டு மக்களே குருக்களாக வேண்டும் என்று வலியுறுத்தினார். அவருடைய பிரதிநிதியான போலந்து நாட்டவர் லதிஸ்லாஸ் சலெஸ்கி கண்டியைத் தேர்ந்தெடுத்தார். குருமடத்தை நடத்தும் பொறுப்பு பெல்ஜிய நாட்டு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவே, உன் மைந்தரே உன் மீட்பின் பணியாளராவர் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் அதன் விருதுவாக்காயிற்று. பின்னாளில் இந்தியாவின் முதல் கர்தினாலாகிய வலேரியன் கிராசியாஸ் இங்குப் பயின்றவரே.

இனி, அங்கு வந்து சேர்ந்த மாணவனின் வாழ்க்கையைப் பார்ப்போம். அக்காலக் கத்தோலிக்கக் குருமடங்களின் ஒழுங்கு உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றே. மணியோசையில் எழுதல், மணியோசையில் உறங்கல். தியானம், திருப்பலி, பாடம், மௌனம், உணவறையில் நூல் வாசிப்பு என்று நாள் முழுவதும் வகுக்கப்பட்டிருக்கும். முதலில் மெய்யியல், அதன்பின் இறையியல் என ஆண்டுகள் பல நீளும் கல்வி. பாடமொழி இலத்தீன், தேர்வில் வாய்மொழியாக விடையளிப்பதும் இலத்தீனிலேயே. வீட்டுக்கு எழுதும் கடிதமும் வீட்டிலிருந்து வரும் கடிதமும் மேலாளரின் கண்பட்ட பின்பே கைமாறும். மலையாளியும் கொங்கணியும் தமிழனும் ஒரே மேசையில் உண்டனர். தாய்மொழியை ஒதுக்கிவைத்தே ஒருவரோடு ஒருவர் பேச முடிந்தது. கல்வி ஆழமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கல்வியின் விலைகளுள் ஒன்று மொழி என்பதையும் மறக்கலாகாது.

இது கண்டியில் தோன்றிய புதுமையன்று. அமெரிக்க மிசனரிமார் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியும் உறைவிடப் பள்ளியே. அமெரிக்க மிசனின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பராமரிக்கக் கொடையளித்த அமெரிக்கரின் பெயர்களே பிள்ளைகளுக்கும் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பெயர்கள் அவ்வாறு வந்தவை. ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்ற மாணவர் நல்ல உத்தியோகங்களை நாடிச் சென்றனர். கிராமத்துப் போதகராக முன்வந்தோர் சிலரே. அமெரிக்க மிசன் சங்கச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் வந்து பார்த்த பின், அதே ஆண்டில் அந்தச் செமினறி மூடப்பட்டது. யாருக்குப் பணியாற்றப் பயிற்றுகிறோமோ, அவர்களுடைய மொழியில் பயிற்றாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இப்போது சபரகமுவவுக்கு வருவோம். குருமடம் தொடங்கிய அதே 1893இல் காலி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டு, அதுவும் பெல்ஜிய இயேசு சபையினரிடம் கொடுக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் தென் மாகாணத்தோடு சபரகமுவ மாகாணமும், அதாவது கேகாலையும் இரத்தினபுரியும், அடங்கின. ஆக, ஒரே நாட்டிலிருந்து வந்த ஒரே துறவறச் சபை, ஒரு கையில் இந்தியா முழுவதற்குமான குருமடத்தையும், மறு கையில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதித் தோட்டங்களின் ஆன்மிகப் பொறுப்பையும் வைத்திருந்தது.

இத்தோட்டங்கள் நுவரெலியா, அட்டன் பகுதிகளைப் போன்றவை அல்ல. தேயிலையோடு இறப்பரும் விளையும் தாழ்ந்த மலைகள். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் லயங்கள். ஒரு தோட்டத்துத் தமிழருக்கும் அடுத்த தோட்டத்துத் தமிழருக்கும் இடையே ஆறும் காடும் கிராமமும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்துக் கூடையோடோ பால் வாளியோடோ மலையேறும் மக்கள். அவர்களிடம் போய்ச் சேரும் போதகர் எவராயினும், நடப்பவராகவும் தமிழ் பேசுபவராகவும் இருக்க வேண்டும்.

குருமட மாணவனும் தோட்டத் தொழிலாளியும் இந்தியக் கரையிலிருந்து கடந்தது ஒரே கடல்தான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்குமுன் பலர் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு வந்தனர். தொழிலாளி தட்டப்பாறையிலோ மண்டபத்திலோ முகாமில் நிறுத்தப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டு, கங்காணியின் கணக்கில் கடனோடு வந்தான். மாணவன் ஆயரின் பரிந்துரைக் கடிதத்தோடு வந்தான். கல்வி முடிந்ததும் மாணவன் தன் மறைமாவட்டத்துக்குத் திரும்பிச் சென்றான். தொழிலாளி தோட்டத்திலேயே இருந்தான். அவன் பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர்.

சீர்திருத்தத் திருச்சபையினர் வேறு வழியில் முயன்றனர். 1854இல் துரைமார் சிலரின் ஆதரவோடு சர்ச் மிசன் சங்கம் தோட்டங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியது. தமிழ்க் கூலி மிசன் என்பது அதன் பெயர். கூலி என்ற சொல்லை ஒரு திருப்பணியின் பெயரிலேயே பொறிக்க அக்காலத்தில் எவரும் கூசவில்லை. அதற்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். திருநெல்வேலியில் அப்போதே உறைவிடச் செமினறிகள் இருந்தன, சாயர்புரத்தில் ஜி. யு. போப் நடத்திய செமினறி கடுமையான ஒழுங்குக்குப் பெயர் பெற்றது. ஆயினும் தோட்டத்துக்கு வந்த உபதேசியாருக்கு உதவியது செமினறிப் பாடமன்று. லயத்து மக்களின் மொழியைத் தம் மொழியாகக் கொண்டிருந்ததே. பிரட்டுக்களத்தில் நின்று பேசி, லயம் லயமாக நடந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். ஐரோப்பிய மிசனரிமாரின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. இவ்வுபதேசியார்களில் பெரும்பாலோரின் பெயர்கள் நிலைக்கவில்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும் விடயம்.

இந்தியாவே, உன் மைந்தர் என்று குருமடத்தின் விருதுவாக்கு அழைத்தது. தோட்டத்திலிருந்தவர் யாருடைய மைந்தர்? இந்தக் கேள்விக்கு 1948இல் சட்டம் கொடூரமான விடை தந்தது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவராக்கியது. 1955இல் குருமடம் இந்தியாவின் புனே நகருக்கு இடம்பெயர்ந்தது. அம்பிட்டியக் கட்டிடம் இலங்கையின் தேசிய குருமடமாயிற்று. நிறுவனத்துக்குப் போவதற்கு ஓர் ஊர் இருந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது லயங்களை விட்டு ஓடியவர்களுள் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஏராளம்.

நிலைமை மாறவேயில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1963இல் பிலிமத்தலாவையில் பல திருச்சபைகள் இணைந்து இலங்கை இறையியற் கல்லூரியைத் தொடங்கின. கேகாலையிலிருந்து கடுகண்ணாவ மலையேறிக் கண்டிக்குச் செல்லும் பாதையில் உள்ள அக்கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிக்க முன்வந்தது. 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை நிறுவினார். ஒக்ஸ்போர்டில் பயின்ற அவர், தோட்டத் தொழிலாளரின் வாழ்வையும் உரிமையையும் தம் பணியின் மையமாக்கினார். 1995இல் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்கெனத் தனி மறைமாவட்டமும் இரத்தினபுரியில் அமைந்தது. 1893இலிருந்து கணக்கிட்டால் 102 ஆண்டுகள்!

வெளிநாட்டில் தங்கி மறைபரப்புப் பயிற்சி பெற இன்றும் நம் இளைஞர் செல்கின்றனர். அங்கே உணவு எப்படி, குளிர் எப்படி, ஒழுங்கு எப்படி என்று கேட்டறிவது இயல்பே. மணியோசைக்கு உடல் பழகிவிடும். அந்நிய மொழியும் நாளடைவில் நாவில் அமரும். அவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அக்கல்வி முடிந்த பின் நம்மை யாரிடம் அனுப்புவார்கள்? அவர்களுடைய மொழி அப்போதும் நம் நாவில் இருக்குமா? கண்டிக் குருமடம் தன் நோக்கத்தைச் செவ்வனே நிறைவேற்றியது. இந்தியாவுக்கு ஆயர்களையும் கர்தினாலையும் தந்தது. ஆனால் அருகிலிருந்த லயத்துத் தமிழன் அந்த நோக்கத்துக்குள் இருக்கவில்லை. ஒரு பயிற்சி நிலையத்தின் வரலாற்றை எழுதுவோர் அதில் பயின்றவர்களின் பட்டியலோடு நிறுத்திவிடலாகாது. அதன் மணியோசை கேட்கும் தொலைவில் இருந்தும் அழைக்கப்படாதவர் யார் என்பதும் அந்த வரலாற்றில் எழுதப்பட வேண்டும்.