சிறுகதையும் திரைவடிவும்: ‘ஸ்பர்ஸ்’ என்னும் கதை திரையேறிய வரலாறு

சிறுகதை திரைப்படமாக மாறுங்கால் கதைப்போக்கும் மாந்தர் பண்பும் திரிபடைதல் இயல்பு. அத்திரிபுகளுக்குக் கால அளவு, வணிக நோக்கம், தணிக்கை முதலியவற்றைக் காரணமாகக் காட்டுவர். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு காரணமும் உண்டு. அது நடிப்போரின் உடலும் வாழ்வும் ஆகும். உறுப்புக் குறையுடைய மாந்தரைப் பற்றிய கதையில், அக்குறை உடையோரே வேடந்தாங்கின் கதை எவ்வாறு மாறும் என்பதை அமெரிக்கத் திரைப்பட வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மூலக்கதை

டாட் ராபின்ஸ் எழுதிய ‘ஸ்பர்ஸ்’ என்னும் சிறுகதை 1923-இல் ‘மன்சீஸ் மாகசின்’ இதழில் வெளிவந்தது. அப்பெயர் குதிமுள் எனப் பொருள்படும். பிரான்சு நாட்டுச் சர்க்கஸ் ஒன்றில் தொழில் செய்யும் குறளன் ஒருவனுக்குத் திடீரெனப் பெருஞ்செல்வம் வாய்க்கிறது. குதிரைமேல் வித்தை காட்டும் நங்கை ஒருத்தி, அவன் விரைவில் இறப்பான் என எண்ணி, செல்வம் கருதி அவனை மணக்கிறாள். மணவிருந்தில் மதுமயக்கத்தால், அவனைத் தோளில் சுமந்து பிரான்சு முழுதும் நடக்கவல்லேன் என இகழ்ந்துரைக்கிறாள். அவ்விகழ்ச்சியே அவளுக்குத் தண்டனையாகிறது. குதிமுள் அணிந்த கணவனைத் தோளில் ஏற்றி, அவ்வளவு தொலைவும் அவள் நடக்க வேண்டியதாகிறது.

இக்கதையில் குறளன் கொடியவன். ஏனைய காட்சிக் கலைஞரும் விருந்திலே தத்தம் பெருமை பேசிப் பூசலிடுவோராகவே காட்டப்பெறுகின்றனர். அவர்தம் அன்றாட வாழ்வுக்கு இங்கு இடமில்லை.

2. திரைவடிவு

இளமையில் சர்க்கஸ் குழுக்களோடு திரிந்த டாட் பிரௌனிங் இக்கதையை ‘ஃபிரீக்ஸ்’ என்னும் பெயரில் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக இயக்கினார். படம் 1932-இல் வெளிவந்தது. இவரே 1927-இல் இயக்கிய ‘தி அன்னோன்’ என்னும் படத்தில், கைகளற்றவனாகத் தோன்றும் மாந்தனின் வேடத்தை லான் சேனி தாங்கினார். ஆயினும், காலால் செய்யப்பெறும் நுண்செயல்களுக்குக் கைகளில்லாத வேறொருவரின் கால்களே பயன்பட்டன. முகம் ஒருவருடையது, திறன் மற்றொருவருடையது. ஐந்தாண்டுக்குப் பின் வந்த ‘ஃபிரீக்ஸ்’ படத்தில் இப்பிரிவு நீங்கிற்று.

குறளன் வேடத்தை ஹாரி ஏர்ல்ஸ் என்னும் குறளரே தாங்கினார். அவரை விரும்பும் பெண்ணாக அவருடைய உடன்பிறந்த தங்கை டெய்சி நடித்தார். உடலின் கீழ்ப்பகுதியின்றிப் பிறந்த ஜானி எக், கைகால்களின்றிப் பிறந்த பிரின்ஸ் ரண்டியன், கைகளற்ற பிரான்செஸ் ஓ’கானர், ஒட்டிப்பிறந்த இரட்டையரான டெய்சி ஹில்டன், வயலட் ஹில்டன் முதலியோரும் நடித்தனர்.

இவர்களால் கதையில் நேர்ந்த மாற்றம் இரண்டு. ஒன்று, மூலத்தில் இல்லாத அன்றாட வாழ்க்கைக் காட்சிகள் படத்தின் நடுவே இடம்பெற்றமை. ரண்டியன் வாயாலேயே சிகரெட்டைப் பற்றவைக்கிறார். ஓ’கானர் காலால் உணவருந்துகிறார். எக் கைகளால் விரைந்து நடக்கிறார். மற்றொன்று, மணவிருந்துக் காட்சியின் தலைகீழ் மாற்றம். மூலத்தில் பூசலிட்டோர், படத்தில் ஒரே கிண்ணத்தில் பருகி மணமகளைத் தம்முள் ஒருத்தியாக வரவேற்கின்றனர். அவளோ அருவருத்து ஏசுகிறாள். எனவே பழி மணமகள்மேல் நிற்கிறது.

ஆயினும் முடிவில் படம் பழைய அச்சத்துக்கே மீள்கிறது. கணவனுக்கு நஞ்சூட்டிய பெண்ணை அனைவரும் இருளிலும் மழையிலும் ஊர்ந்து சூழ்கின்றனர். அவள் உருவிழந்து காட்சிப்பொருளாகிறாள். இதுகாறும் அண்டை வீட்டாராகத் தோன்றியோர், ஈண்டு அச்சுறுத்தும் உருவங்களாகின்றனர்.

படப்பிடிப்பின்போது நிறுவனத்தார் சிலர் உடனிருந்து உண்ண மறுத்தமையால், நடிகருட் பலருக்கு உணவுக்கூடத்தில் இடமளிக்கப்பெறவில்லை. முன்னோட்டத்தில் கண்டோர் வெறுத்தமையால் படம் பெரிதும் வெட்டப்பட்டு, ஏறத்தாழ 64 நிமிட அளவில் எஞ்சிற்று. பிரிட்டனில் 1963 வரை தடை நீடித்தது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1994-இல் இப்படம் சேர்க்கப்பெற்றது.

3. ஒப்புநோக்கு

தனித்துப் படமெடுத்த தயாரிப்பாளர் சாமுவேல் கோல்டுவின் 1946-இல் வெளியிட்ட ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ இங்கு ஒப்பிடத்தக்கது. இதன் மூலம் மக்கின்லே கான்டர் செய்யுள் நடையில் இயற்றிய ‘குளோரி ஃபார் மீ’ என்னும் கதை. அதில் வரும் போர்வீரன் ஹோமர் தசைக் கட்டுப்பாட்டை இழந்தவன். இயக்குநர் வில்லியம் வைலர், 1944-இல் இராணுவப் பயிற்சியின்போது வெடிவிபத்தில் இருகைகளையும் இழந்த ஹெரால்டு ரசலைத் தெரிந்தெடுத்தார். அதனால் ஹோமரின் குறையே மாற்றி எழுதப்பட்டது. படுக்கைக்குச் செல்லுமுன் கொக்கிக்கைகளைக் கழற்றிவிட்டால் தன்னால் எவையெவை இயலா என அவன் காதலிக்குக் காட்டும் காட்சி, நடிகரின் வாழ்விலிருந்து பெற்ற வலிமையுடையது. இவ்வொரு வேடத்துக்காகவே ரசல் 1947-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் பெற்றார்.

நடிப்பென்பது பிறனாக மாறுதலே. ஆதலின் குறையுடையோர் வேடத்தைக் குறையில்லாரும் தாங்கலாம் எனச் சிலர் வாதிடலாம். கலைத்திறனளவில் அது பொருந்தும். ஆயின் மேற்காட்டிய சான்றுகள் வேறொன்றை உணர்த்துகின்றன. வேடந்தாங்குவோர் அவ்வாழ்வை உடையோராயின், எழுத்தாளர் கருதாத செய்திகள் கதையுள் புகுகின்றன. மூலம் திருத்தம் பெறுகிறது.

அத்திருத்தம் எத்துணைத் தூரம் செல்லும் என்பது கதையின் முடிவை வகுப்போரைப் பொறுத்தது. ‘ஃபிரீக்ஸ்’ படத்தில் கலைஞரின் வாழ்வு நடுப்பகுதியை மாற்றிற்று, முடிவை மாற்றவில்லை. பின்னதில் நடிகருக்கேற்ப மாந்தனே மாற்றப்பட்டான். கதை அவனது திருமணத்தில் நிறைவுற்றது. ஆகவே, ஒரு படத்தில் உறுப்புக் குறையுடையோர் நடித்துளரா என வினவுவதோடு ஆராய்ச்சி அமைதல் சாலாது. மூலக்கதையின் எப்பகுதி அவர்களால் மாறிற்று, எப்பகுதி மாறாது நின்றது என்பதையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும்.