பனியனுக்கு முன்னே பருத்தி



நம் கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு, பனியன் கம்பெனி நடத்துகிறவன் நான். "பூவும் காயும் படிச்சவனுக்கு நூல் கணக்கு எதுக்கப்பா?" என்று நண்பர்கள் இன்றும் கேலி செய்வார்கள். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், அந்த இரண்டையும் சேர்க்கிற பருத்தி விதையைப் பற்றியே எழுதத் தோன்றியது.

எங்கள் அப்பாரு அவினாசிப் பக்கம் கம்போடியா பருத்தி போட்டவர். அதற்கு முன் இந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்தவை கருங்கண்ணியும் உப்பமும், இழை குட்டை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா விதை வந்தது. பெயர்தான் கம்போடியா, இனம் அமெரிக்கப் பருத்தி. கிணற்றுத் தண்ணீர் கட்டினால் மகசூலும் கூடும், இழையும் நீளும். குடியானவர்கள் விடுவார்களா? திருப்பூர் பனியனுக்குப் பேர் வாங்கும் முன்பே பருத்திச் சந்தைக்கும் ஜின்னிங் பாக்டரிக்கும் பேர் வாங்கியது இப்படித்தான்.

ஆனால் அந்த ஜின்னிங்கிலேயே ஒரு வினை இருந்தது. பத்துத் தோட்டத்துப் பருத்தி ஒன்றாக அரைபடும், விதையும் கலந்துவிடும். எங்கள் ஐயன் ஒரு வருஷம் வியாபாரி ஒருவரிடம் விதை வாங்கிப் போட்டார். ஒரு செடி இடுப்பளவு, ஒரு செடி தோளளவு. காயும் ஒரே சமயத்தில் வெடிக்கவில்லை. பஞ்சு கலப்பு என்று சந்தையில் விலையைக் குறைத்துவிட்டார்கள். அன்று ஐயன் சாப்பிடவே இல்லை.

கோவையில் பருத்தி ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகள் செய்த வேலை இந்தக் கலப்பைப் பிரித்தெடுப்பதுதான். நல்ல செடிகளாகப் பொறுக்குவார்கள். பூச்சி வேறு மகரந்தம் கொண்டுவராதபடி, மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனியை நூலால் கட்டுவார்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி வரிசையில் விதைத்து, காயை எண்ணி, பருத்தியை நிறுத்து, பஞ்சு எத்தனை சதவீதம் என்று பார்த்து, இழையைச் சீவி அளப்பார்கள். தேறாத வரிசை கழிக்கப்படும். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. கம்போடியாவிலிருந்து இப்படிப் பொறுக்கியதுதான் கோ 2. பிறகு ஒட்டுச் சேர்க்கையில் வந்தவை எம்.சி.யு. ரகங்கள். மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பதன் சுருக்கம் அது. 1968-இல் வந்த எம்.சி.யு. 5 குடியானவருக்கும் மில்காரருக்கும் பொதுவாக அமைந்த ரகம்.

1974-இல் கோவையிலேயே சுவின் வந்தது. சுஜாதாவையும் செயின்ட் வின்சென்டையும் சேர்த்த ரகம். பெயரும் அப்படிச் சேர்த்ததே. 120 கவுண்ட் நூல் நூற்கலாம். ஆனால் மகசூல் குறைவு, வயதும் அதிகம். "இழை நீளமா இருந்தா என்னங்க, வயிறு நிறையோணுமே" என்றார் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. மகசூல் மட்டும் இருந்தால் மில்காரர் வாங்கமாட்டார். இழை மட்டும் இருந்தால் குடியானவர் விதைக்கமாட்டார். இரண்டையும் ஒரே செடியில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

மகசூலுக்கு இன்னொரு வழியும் வந்தது. 1970-இல் சூரத்தில் சி.டி. படேல் உருவாக்கிய ஹைப்ரிட் 4, வணிகப் பயிராக வந்த உலகின் முதல் ஒட்டுப் பருத்தி. மகசூல் அள்ளித் தந்தது. ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் குணம் பிரிந்துவிடும். மெண்டலின் பட்டாணிக் கணக்கு நமக்கு மறந்திருக்காதே! அப்பாரு குதிரில் வைத்த விதை வழக்கம் அதோடு போயிற்று. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் வருஷா வருஷம் விதைக் கடைதான்.

இன்று என் கம்பெனிக்கு வரும் நூலில் குஜராத் பஞ்சு, மராட்டியப் பஞ்சு எல்லாம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் பருத்தி இல்லை. குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. பருத்தியை விட்டுப் பனியனுக்கு வந்தவன்தானே நானும்!

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நூலின் கவுண்டைக் கேட்கும்போது எந்த ரகப் பஞ்சு என்றும் கேளுங்கள். அந்த ஒரு இழைக்குப் பின்னால், மொட்டுக்கு நூல் கட்டி வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.