பெயர் வருமுன் எழுந்த குரல்

'பெண்ணியம்' எனும் சொல் தமிழில் பரவலானது 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். ஆதலால் அது வெளியிலிருந்து வந்த சரக்கு என்பார் உளர். அச்சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொள்ளத் தயங்கும் இளம்பெண்களும் பலர். ஆயினும், பெண் என்பதாலேயே தாழ்த்தப்படுவதற்கு முஸ்லிம் பெண்கள் காட்டிய எதிர்ப்பு அச்சொல்லினும் மூத்தது.

1905இல், சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திவந்த ஆங்கில மாதர் இதழில் 'சுல்தானாவின் கனவு' எனும் கதை வெளிவந்தது. எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசைன் (1880–1932). பள்ளி செல்ல வாய்ப்பற்றிருந்த அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அவர்தம் தமையனார். அக்கதையில் ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் அறிவியல் துணைகொண்டு நாடாள்கின்றனர். இயல்பென்று கருதப்பட்டதைத் தலைகீழாக்கி, அது மனிதர் வகுத்த ஏற்பாடே என உணர்த்தினார் ஆசிரியர். 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார்.

தமிழகத்தில் இக்குரல் நாகூரிலிருந்து எழுந்தது. 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புடன் பள்ளிப் படிப்பை முடித்தவர். 1938இல், இருபத்தொன்றை ஒட்டிய வயதில், 'காதலா கடமையா' எனும் நாவலை வெளியிட்டார். தமிழ் முஸ்லிம் பெண்ணொருவரின் முதல் நாவலாக அறியப்படுவது அதுவே. பெண்ணின் பெயர் வீட்டு வாசலைத் தாண்டலாகாது என்று எண்ணியோர் மிகுந்திருந்த நாளில், நூலின் முகப்பில் தம் பெயரைப் பொறித்ததே ஒரு மறுமொழியாயிற்று. 1998இல் மறையும்வரை அவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டார் என்பதைவிட, எழுதினார் என்பதே முதன்மையானது.

எழுத்தில் எழுந்த குரல் பின்னர் நீதி கேட்கும் இடத்தையும் எட்டியது. மஹர், மணவிலக்கு, வரதட்சணை தொடர்பான வழக்குகளை ஊர் ஜமாஅத்தில் ஆடவரே விசாரித்தனர். பாதிக்கப்பட்ட பெண் அங்கு நேரில் பேச இயலாத நிலை பல ஊர்களில் இருந்தது. இதனை எதிர்த்துப் புதுக்கோட்டையின் தாவூத் ஷரீபா கானம், 2000களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். அதன் பணியைத் தீபா தன்ராஜ் 2011இல் ஆவணப்படமாக்கினார். ஷரீபா கானத்தின் வழிமுறையில் கருத்து வேறுபாடு கொள்வோரும், அவர் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட இயலாது: தன் வாழ்வைத் தீர்மானிக்கும் அவையில் பெண்ணுக்கு வாய் திறக்க உரிமையில்லையா?

பழனி மலையடிவாரத்து அய்யம்பாளையம் போன்ற சிற்றூர்களிலிருந்தும் இன்று பெண்கள் கல்லூரிக்குச் செல்கின்றனர். கேலியும் தடையும் எதிர்ப்படும்போது அவர்கள் 'பெண்ணியவாதி' எனும் பெயரை ஏற்கலாம், மறுக்கலாம். அதற்கு முன், மறுமொழி கூறும் மரபு தமக்கும் உண்டு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். ரொக்கையாவும் ஜுனைதாவும் நம் மகளிர் கல்லூரிப் பாடங்களில் இடம்பெறுதல் அதற்கு முதற்படி.