சுருட்டுப் பெட்டியில் ஈரமணிகள்: சிங்கப்பூரில் தண்ணீர் தெளிப்பது ஏன் தவறு?

திருச்சி உறையூரிலிருந்து வாங்கி வந்த சுருட்டுக் கட்டு, படையலுக்காக எடுக்கும்போது பூசணம் பூத்துக் கிடக்கும். முனியாண்டிக்கோ மதுரைவீரனுக்கோ சங்கிலிக்கருப்பருக்கோ ஆண்டுக்கு ஒருமுறை சுருட்டு வைக்கும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. வீட்டில் ஒருவருமே புகைக்காதிருக்கலாம். ஆனாலும் சாமிக்கு வைப்பதைக் கெட்டுப்போனதாக வைக்க மனம் வருமா?

ஹியூமிடார் எனப்படும் சுருட்டுப் பெட்டியையும் அதற்குள் போடும் ஈரமணிகளையும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் சில சமயம் இதே கதிதான். பெரும்பாலும் காரணம் ஒன்று. மணிகளோடு வரும் குறிப்புத்தாளில், அவ்வப்போது தண்ணீர் தெளிக்கவும் என்று இருக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு போகும் நாடுகளுக்கு எழுதிய குறிப்பு அது. அதை அப்படியே இங்கு பின்பற்றினால் பெட்டிக்குள் நாமே பூசணம் வளர்க்கிறோம்.

திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் உலகம் சுற்றிய சரக்கு. 1887ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலை வைத்து அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். சென்னை ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் காவல் தெய்வங்களைக் கொண்டுவந்தபோது, அவர்களுக்குரிய சுருட்டும் கூடவே வந்தது. ஊரில் அதற்குப் பெட்டியும் இல்லை, மணியும் இல்லை; பரணில் கிடந்தாலே போதும். அந்த வறண்ட காற்று இங்கு இல்லை.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். விடாமல் மழை பெய்தால் 100ஐத் தொடும். சுருட்டுக்கு ஏற்றதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 65 முதல் 70 விழுக்காடு. 28, 30 டிகிரி வெப்பத்தில் 70 என்பது பூசணத்துக்கு மிக அருகில் நிற்கும் எண். இங்கு 62 முதல் 65 வரை வைத்துக்கொள்வது நல்லது. ஆக, பெட்டியைத் திறக்கும்போது பெரும்பாலும் ஈரம் உள்ளேதான் போகிறது, வெளியே வருவதில்லை.

ஈரமணி என்பது சிலிக்காவால் ஆன உருண்டை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதில் நிறைந்திருக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தில் இருப்பதும் சிலிக்காதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பொட்டலத்தில் உள்ளது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். அதைச் சுருட்டோடு போட்டால் இலை காய்ந்து நொறுங்கும். சுருட்டுக்கான மணிகள் 65 அல்லது 70 என ஓர் அளவைத் தாங்கி நிற்குமாறு பக்குவப்படுத்தப்பட்டவை. அதற்கு மேல் ஈரம் இருந்தால் உறிஞ்சும், குறைந்தால் வெளியிடும். வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். இரண்டும் கடையில் இருந்தால் 65ஐ எடுங்கள். நீல நிற மணிகள் வேண்டவே வேண்டாம். அந்த நிறம் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருளால் வருவது.

மணிகளின் நிலையைக் கண்ணாலேயே அறியலாம். ஈரம் குடித்த மணி கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், காய்ந்தது வெள்ளையாகத் தெரியும். குறிப்புத்தாள்கள் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு தெளிவாக இருக்கச் சொல்லும். இங்கு அதைத் திருப்பிப் போடலாம் என்பது என் கருத்து: பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருக்கட்டும். எல்லா மணியும் தெளிந்துவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். ஊறிய துணியால் தரையைத் துடைத்தால் என்ன ஆகும், அதுதான்.

அப்போது மணிகளை ஒரு தட்டில் பரப்பி, குளிர்சாதனம் ஓடும் அறையில் இரவு முழுக்க வையுங்கள். குளிர்சாதனம் காற்றைக் குளிர்விக்கும்போதே ஈரத்தையும் பிரித்துவிடும். காலையில் பாதியாவது வெளுத்திருக்கும். இல்லையென்றால் இன்னோர் இரவு. கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். வலைப்பையோடு அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம், பை உருகிவிடும்.

தண்ணீர் தேவைப்படும் வீடுகளும் உண்டு. நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் பெட்டி இருந்தால், சில வாரங்களில் மணிகள் முழுக்க வெளுக்கக்கூடும். அப்போது காய்ச்சி வடித்த நீரைச் சில துளிகள் மட்டும் தெளியுங்கள். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் நுண்துளைகளை அடைத்துவிடும். மணிகளை நீரில் முக்கினால் படபடவென்று வெடித்துத் தூளாகும். சிலவற்றில் ஊட்டியிருக்கும் உப்பும் கரைந்து போய்விடும்.

இவ்வளவும் ஈரமானி உண்மை சொன்னால்தான். பெட்டி மூடியில் பதித்து வரும் முள் வைத்த மானியை நம்பாதீர்கள்; அழகுக்கு வைத்தது போலத்தான் பலவும் இருக்கின்றன. சிறிய எண்ணியல் மானியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சோதனைக்கு வேண்டியது சமையல் உப்பு. ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் போலாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத பையில் சேர்த்து மூடி ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். மானி 71 காட்டினால் அது எப்போதும் 4 குறைத்துச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த 4 தெரியாமல் 66 என்று நிம்மதியாக இருந்தால், பெட்டிக்குள் உண்மையில் இருப்பது 70.

ஆண்டுக்கு ஒரு கட்டு வைப்பவருக்கு விலை உயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை. ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா இந்த ஊருக்கு மரப்பெட்டியைவிடப் பொருத்தம். மரப்பெட்டியின் உட்பக்கத்தில் இருப்பது ‘ஸ்பானிஷ் சீடர்’. அது ஸ்பெயினிலிருந்தும் வரவில்லை, சீடரும் இல்லை; வேப்ப மரக் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம், நம் ஊர்ச் சந்தன வேம்புக்கு நெருங்கிய உறவு. அதன் மணம் பிடித்தால் ஒரு சிறு பலகையை வாங்கி டப்பாவுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

மணி வேண்டாம் என்பவர்களுக்கு போவேடா போன்ற உறைகள் உண்டு. உள்ளே உப்புக் கரைசல் இருக்கும்; 62, 65, 69 எனப் பல அளவுகளில் வரும். உறை கல்லாக இறுகினாலும், நீர் கோத்து உப்பினாலும் மாற்ற வேண்டியதுதான்.

பூசணத்தைப் போலவே தொல்லை தருவது ஒரு பழுப்பு வண்டு. மஞ்சளிலும் மல்லியிலும் மிளகாயிலும் விழும் அதே வண்டுதான் புகையிலையிலும் முட்டையிடும். நம் வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும். சுருட்டில் ஊசி முனை அளவு துளை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஊரிலிருந்து வந்த கட்டை முதலில் இரு பைகளில் போட்டு இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், உறைபெட்டியில் மூன்று நாள், மீண்டும் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்த பிறகே டப்பாவுக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். ஆனால் அங்கேயே விட்டுவைக்கக் கூடாது, காய்ந்துவிடும்.

பஞ்சு போன்ற பூசணம் படிந்த சுருட்டைத் துடைத்து வைக்காமல் எறிந்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் டப்பாவை வெளியே கொண்டுபோய்த் திறப்பது நல்லது. பிளாஸ்டிக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம், மரத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடலாம். அந்த மணிகளை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

ஊரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கொண்டுவருபவர்கள் கவனிக்க: சிங்கப்பூரில் புகையிலைக்கு வரிவிலக்குச் சலுகை கிடையாது. படையலுக்கென்று ஒரே ஒரு சுருட்டைக் கொண்டுவந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் புகையிலைப் பொருள் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், படையல் சாமான் பட்டியலைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும்போது சுருட்டை மட்டும் பெரியவர்களே வாங்கிக்கொள்ளுங்கள்.