அதிர்வுணர்வு

தோலைத் தொடும் பொருளின் அதிர்வை நரம்புகள் வழியே மூளை அறியும் புலன். இதற்கான உறுப்பு முதலில் கண்ணில் பட்டது. அதன் வேலை விளங்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் உடற்கூறு கற்பித்த ஆபிரகாம் வாட்டர், விரல் நரம்புகளில் சிறு முடிச்சுகள் தொங்குவதை 1741-இல் பதிவு செய்தார். பிறகு அது மறக்கப்பட்டது. 1831-இல் இத்தாலியின் பிஸ்டோயாவில் மருத்துவ மாணவராக இருந்த பிலிப்போ பாசினி, கை ஒன்றை அறுத்துப் பார்க்கையில் அவற்றைத் தாமாகவே கண்டு, 1840-இல் நூலாக வெளியிட்டார். காலராக் கிருமியை 1854-இல் விவரித்தவரும் இவரே. உடற்கூறாளர்கள் ஹென்லே, கோலிக்கர் இருவரும் 1844-இல் இவ்வுறுப்புக்குப் பாசினியின் பெயரையே சூட்டினர். அது நியாயமான தீர்ப்பு.

பாசினித் துகள் ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ளது, வெறுங்கண்ணுக்கே தெரியும். வெங்காயம்போல் அடுக்கடுக்கான உறை, இடையிடையே திரவம், நடுவில் ஒற்றை நரம்புமுனை. அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும் மட்டுமே இது துடிக்கும். அழுத்தம் மாறாமல் நின்றால் அடங்கிவிடும். ஏன் என்பதைக் காட்டியவர் வெர்னர் லோவன்ஸ்டைன். பூனையின் வயிற்றுச் சவ்விலிருந்து எடுத்த துகளின் உறையை உரித்து, நரம்புமுனையை நேரடியாக அழுத்தினார். உடனே அடங்கவேண்டிய மின்மாற்றம் நெடுநேரம் நீடித்தது (1965). நிலையான அழுத்தத்தை உறை வாங்கிக்கொண்டு, விரைவான மாற்றத்தை மட்டும் உள்ளே விடுகிறது என்பது தெளிவாயிற்று. இத்துறையின் மிக அழகிய சோதனை இதுவே எனலாம்.

அமெரிக்காவின் பால்டிமோரில் வெர்னன் மவுண்ட்காசில் குழுவினர் 1968-இல் வேலைப் பிரிவினையை வகுத்தனர். சுமார் 40 ஹெர்ட்ஸ் வரையிலான படபடப்பைத் தோலின் மற்றொரு வகை உணர்வுறுப்பான மைஸ்னர் துகள்களும், அதற்கு மேற்பட்ட அதிர்வைப் பாசினித் துகள்களும் அறிகின்றன. 250 ஹெர்ட்ஸை ஒட்டி, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அசைவுகூடப் புலப்படும். பேனாவைப் பிடித்த விரல், தாளைத் தொடாமலே அதன் சொரசொரப்பை அறிவது இதனால்தான். செய்தி தண்டுவடத்தின் பின்பகுதி வழியே ஏறி, முகுளத்தில் பக்கம் மாறி, தலாமஸ் கடந்து பெருமூளைப் புறணியை அடைகிறது.

அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் பீசோ-2 புரதத்தை ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010-இல் கண்டனர். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்புரதம் பிறவியிலேயே செயல்படாதவர்களின் கைகள் அதிர்வை உணர்வதில்லை.

மருத்துவத்தில் அதிர்வுணர்வைச் சோதிப்பது எளியது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கண்மூடியிருப்பவரின் கால் பெருவிரல் எலும்பில் வைப்பர். அதிர்வு எப்போது நின்றது என்று கேட்பர். வைட்டமின் பி12 குறைபாட்டிலும் நீரிழிவிலும் இவ்வுணர்வு மங்கும். காலில் புண் வருமுன்பே நரம்புக் கேட்டை இது காட்டித்தரக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் கேட்டு இதைச் செய்துகொள்ள வேண்டும்.